வாய்ச்சொல்லுக்கு 24 மாதத் தண்டமா?

தோட்டப்புறங்களில் இப்போது புதுவகைக் கடன் ஒன்று பரவி வருகிறது. வட்டிக்காரரிடம் வாங்கிய கடன் அல்ல இது. மளிகைக் கடைக் கணக்கும் அல்ல. மரத்தடியில் நிற்கும் தொழிலாளியின் சட்டைப்பையில் மணி அடிக்கிறது. கையைத் துடைத்துக்கொண்டு எடுத்துப் பேசுகிறார். பத்து நிமிடம் கழித்து அவர் இரண்டு ஆண்டுக் கடனாளி. அவர் கையெழுத்துப் போடவில்லை. ஒரு காகிதத்தைக் கண்ணால் பார்க்கவுமில்லை. "சரி" என்றார். அவர் செய்த காரியம் அவ்வளவுதான்.

கைத்தொலைபேசிக் கம்பெனிகளின் பெயரால், தொலைபேசியிலேயே பேசி, உண்மையை மறைத்து, தொழிலாளர் தலையில் கட்டப்படும் ஒப்பந்தங்களைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறோம். "இதுவா சங்கத்தின் வேலை? அவரவர் வீட்டு விவகாரமல்லவா?" என்று நம் கிராணிமார்களிலேயே சிலர் கேட்கின்றனர். சம்பள உயர்வு கேட்டுப் போராடுவது சங்கத்தின் வேலையென்றால், போராடிப் பெற்ற சம்பளம் ஓட்டைப் பானை நீராய் ஒழுகிப் போகாமல் காப்பதும் சங்கத்தின் வேலையே. 2025 பெப்ரவரியில் குறைந்தபட்சச் சம்பளம் 1,500 வெள்ளியிலிருந்து 1,700 வெள்ளியாயிற்று. உயர்ந்தது 200 வெள்ளி. அதில் மாதம் 98 வெள்ளியை ஒரு தொலைபேசி அழைப்பு விழுங்கிவிடுமானால், உயர்வில் ஏறக்குறைய பாதியை யாரோ ஒருவர் குளிர்சாதன அறையில் உட்கார்ந்தபடியே எடுத்துக்கொண்டார் என்றுதானே பொருள்?

நம் கிளை ஒன்றுக்கு வந்த வழக்கைச் சொன்னால் இந்த வியாபாரத்தின் சூட்சுமம் விளங்கும். அந்த அங்கத்தினர் பால்வெட்டும் ஒரு தாய். பிரீபெய்ட் என்னும் முன்பண முறையில் மாதம் 35 வெள்ளி போட்டுப் பேசி வந்தவர். பால் நிறுக்கும் நேரத்தில் அவருக்கு அழைப்பு வந்தது. பேசியவர் நல்ல தமிழில், "அக்கா, நீங்கள் நீண்ட நாள் வாடிக்கையாளர். கம்பெனி உங்களுக்கு ஒரு புது போன் இலவசமாகக் கொடுக்கிறது. நம்பர் மாறாது. இப்போது கட்டுகிற காசுதான். பிடிக்காவிட்டால் எப்போது வேண்டுமானாலும் நிறுத்திக்கொள்ளலாம்" என்றார். அடையாள அட்டை எண்ணைக் கேட்டார். அதன் பிறகு குரல் மாறிற்று. ஏதோ ஒரு வாசகம் ஆங்கிலத்தில் விரைவாக வாசிக்கப்பட்டது. "எஸ் சொல்லுங்கள் அக்கா" என்றார் அவர். இந்தத் தாயும் சொன்னார்.

நான்காம் நாள் கூரியர்காரர் ஒரு பெட்டியைக் கொண்டு வந்தார். தாய் வேலைக்காட்டில் இருந்தபடியால் மகன் வாங்கிக்கொண்டு, கூரியர்காரர் நீட்டிய கருவியில் விரலால் கோடு போட்டான். மாதம் முடிந்ததும் 98 வெள்ளிக்குப் பில் வந்தது. கேட்டபோது, "முன்பண முறையிலிருந்து மாதப் பில் முறைக்கு மாறிவிட்டீர்கள், 24 மாத ஒப்பந்தம், இடையில் நிறுத்தினால் போனின் விலைக்கும் மிச்ச மாதங்களுக்கும் சேர்த்துத் தண்டம் கட்ட வேண்டும்" என்றார்கள்.

கிளையில் இருந்த கிராணியார் செக்ரோல் போடும் பழக்கத்தில் உடனே கணக்குப் போட்டார். 98 வெள்ளி வீதம் 24 மாதத்துக்கு 2,352 வெள்ளி. பழைய முறையிலேயே இருந்திருந்தால் 24 மாதத்துக்கு 840 வெள்ளி. அதே போனைப் பட்டணத்துக் கடையில் விசாரித்தபோது ரொக்கத்துக்கு 700 வெள்ளி என்றார்கள். இரண்டையும் கூட்டினால் 1,540. ஆக, "இலவசம்" என்று வந்த போனுக்கு அந்தத் தாய் கடை விலையைவிட 812 வெள்ளி அதிகமாகக் கொடுக்க வேண்டும். கடைக்காரர் எவராவது நம்மிடம் இப்படி விற்றிருந்தால் மறுநாள் அவர் கடைப் பக்கம் ஒருவரும் போகமாட்டோம்.

பேசப்பட்டவற்றில் நம்பர் மாறாது என்ற ஒன்று மட்டும் உண்மை. இலவசம் என்றது பொய், பழைய காசுதான் என்றது பொய், எப்போதும் நிறுத்தலாம் என்றது முழுப் பொய். ஆனால் கம்பெனியின் கையில் இருந்தது "எஸ்" என்ற அந்த ஒரு சொல். அதைத்தான் திரும்பத் திரும்பப் போட்டுக் காட்டினார்கள்.

இந்த இடத்தில் நம் மக்களின் ஒரு குணத்தைச் சொல்ல வேண்டியிருக்கிறது. கொடுத்த வாக்கை மீறக்கூடாது என்பது நம்மிடையே ஆழமாகப் பதிந்த எண்ணம். "சொல்லிவிட்டேனே, இனி என்ன செய்வது?" என்று அந்தத் தாயும் முதலில் கட்டிவிடவே நினைத்தார். வாக்கு என்பது இரு தரப்பும் உண்மை பேசும்போது பிறப்பது. பொய்யைச் சொல்லிப் பறித்த சம்மதத்தை வாக்கென்று மதிக்கச் சட்டமே கேட்கவில்லை. இந்நாட்டின் 1950-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தை எடுத்துப் பாருங்கள். 17-ஆம் பிரிவு மோசடி இன்னதென்று சொல்கிறது. 18-ஆம் பிரிவு தவறான கூற்று இன்னதென்று சொல்கிறது. 19-ஆம் பிரிவு, இவற்றால் பெறப்பட்ட சம்மதத்தின் மேல் எழுந்த ஒப்பந்தத்தை ஏமாந்தவர் விரும்பினால் ரத்து செய்யலாம் என்று சொல்கிறது. விரும்பினால் என்பது முக்கியம். ஒப்பந்தம் தானாகச் செத்துப் போகாது. ஏமாந்தவர் வாய் திறந்து, எழுத்தில், "ரத்து செய்கிறேன்" என்று சொல்ல வேண்டும். சும்மா இருந்துகொண்டு, வந்த போனிலேயே பேசிக்கொண்டு, ஆறு மாதம் பில்லும் கட்டிவிட்டுப் பிறகு வந்தால், ஒப்பந்தத்தை ஏற்றுக்கொண்டீர்கள் என்று கம்பெனி சொல்லும். அதற்குப் பதில் சொல்வது கடினம்.

இதே 19-ஆம் பிரிவில் கம்பெனிக்கு ஒரு சந்தும் இருக்கிறது. அதை மறைத்து உங்களுக்கு வெறும் தைரியம் சொல்ல நாம் விரும்பவில்லை. சாதாரணக் கவனம் செலுத்தியிருந்தால் உண்மையைக் கண்டுபிடித்திருக்கலாம் என்ற நிலை இருந்தால், தவறான கூற்றைக் காட்டி ரத்து செய்ய முடியாது என்று அதில் ஒரு விலக்கு உண்டு. "ஒப்பந்தத்தை இணையத்தில் போட்டிருந்தோம், குறுஞ்செய்தியில் வழி காட்டினோம், படித்திருக்கலாமே" என்று கம்பெனி பேசுவது இதை வைத்துத்தான். தெரிந்தே வாய்விட்டுச் சொன்ன பொய்யை இந்த விலக்கு காப்பாற்றாது என்பதே நம் வாதம். மேலும், தமிழ்ப் பள்ளியில் ஆறு வகுப்புப் படித்துவிட்டு மரம் வெட்ட வந்த ஒருவர், ஆங்கிலத்தில் பல பக்கம் ஓடும் நிபந்தனைகளைச் சிறு திரையில் படித்துப் புரிந்துகொள்வதா சாதாரணக் கவனம்? விற்கும்போது தமிழில் விற்கத் தெரிந்தவர்களுக்கு நிபந்தனையைத் தமிழில் சொல்ல மட்டும் ஏன் நாக்கு எழவில்லை?

1999-ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் 10-ஆம் பிரிவு பொய்யான, திசைதிருப்பும் கூற்றுகளைத் தடுக்கிறது. அந்தச் சட்டம் 2010-இல் திருத்தப்பட்டபோது நியாயமற்ற ஒப்பந்த நிபந்தனைகளைப் பற்றிய ஒரு பகுதி சேர்க்கப்பட்டது. பேரம் பேசும் வலிமை யாரிடம் இருந்தது, நிபந்தனையின் பொருள் வாங்கியவருக்கு விளங்கியதா, யாராவது அதைச் சரியாக விளக்கிச் சொன்னார்களா, பொடி எழுத்தில் அச்சடித்து மறைத்தார்களா என்பவற்றையெல்லாம் பார்க்கலாம் என்று அது கூறுகிறது. தோட்டத் தொழிலாளியின் நிலையை நினைத்துக்கொண்டே எழுதியது போல இருக்கிறது!

இன்னொரு சட்டமும் உண்டு. 1993-ஆம் ஆண்டு நேரடி விற்பனைச் சட்டம், வீடு வீடாகச் சென்று விற்பதோடு தொலைபேசியில் ஆள் தேடி விற்பதையும் சேர்த்தே பார்க்கிறது. அதன் கீழ் வரும் ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். 10 வேலை நாட்களுக்குள் வாங்கியவர் காரணம் கூறாமலே விலகிக்கொள்ளலாம். இச்சட்டம் எங்களைத் தொடாது, எங்களுக்கு வேறு சட்டம் என்று தொலைபேசிக் கம்பெனி வாதிட இடமிருக்கிறது. அது வாதிடட்டும். நாம் அந்தப் பத்து நாட்களை நம் கெடுவாக வைத்துக்கொண்டு அதற்குள் எழுதிவிடுவோம்.

எழுதுவது எப்படி? இதில்தான் கிராணிமார்கள் தோள் கொடுக்க வேண்டும். கடிதம் ஒரு பக்கத்துக்கு மேல் போக வேண்டாம். மலாயிலோ ஆங்கிலத்திலோ எழுதி, தொழிலாளிக்கு வரிவரியாகத் தமிழில் படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்குங்கள். கம்பெனி செய்யத் தவறியதை நாமும் செய்யத் தவறலாகாது. எந்த நாள், எத்தனை மணிக்கு, எந்த எண்ணிலிருந்து அழைப்பு வந்தது, பேசியவர் என்ன சொன்னார், அதில் எது பொய் என்பதைச் சொன்ன சொல்லாகவே எழுதுங்கள். "ஏமாற்றிவிட்டார்கள்" என்று பொதுவாக எழுதினால் பயனில்லை. "மாதம் 35 வெள்ளிதான் என்றார், பில் 98 வெள்ளி" என்று எழுதுங்கள். அதன் பிறகு, 1950-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 19-ஆம் பிரிவின்படி இந்த ஒப்பந்தத்தை இன்ன தேதியிலிருந்து ரத்து செய்கிறேன் என்று ஒரே வாக்கியம். தண்டம் எதையும் ஏற்கவில்லை என்று இன்னொரு வாக்கியம். பழைய முறைக்கே நம்பரைத் திருப்பும்படி ஒரு வேண்டுகோள்.

அந்தக் கடிதத்திலேயே தொலைபேசி உரையாடலின் முழுப் பதிவையும் கேளுங்கள். 2010-ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், நம்மைப் பற்றி ஒரு கம்பெனி வைத்திருக்கும் விவரத்தைக் கேட்டுப் பெற நமக்கு உரிமை கொடுத்திருக்கிறது. 21 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். நம் குரல் நம் விவரம்தானே? கடைசி அரை நிமிடத்து "எஸ்" வேண்டாம், "அக்கா" என்று தொடங்கிய இடத்திலிருந்து வேண்டும் என்று கேளுங்கள். அதே சட்டத்தின் 43-ஆம் பிரிவின் கீழ், இனி விளம்பர விற்பனைக்கு என் விவரத்தைப் பயன்படுத்தக்கூடாது என்று ஒரு வரியையும் சேர்த்துவிடலாம். தனிச் செலவு எதுவும் இல்லை.

பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதைப் பத்திரமாக வையுங்கள். கடைக்கு நேரில் கொண்டு போனால், பிரதியில் முத்திரை குத்தி வாங்காமல் வெளியே வராதீர்கள். வாடிக்கையாளர் சேவை எண்ணில் பேசி, "நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று கேட்டுவிட்டு வீட்டுக்குப் போனவர்கள் அநேகர். வாயால் வந்த வினையை வாயாலேயே தீர்க்க முடியாது.

பெட்டி வந்திருந்தால் பிரிக்க வேண்டாம். பிள்ளைகள் ஆசையாகக் கேட்பார்கள். அந்த ஆசைக்கு விலை 2,352 வெள்ளி என்று சொல்லிவிடுங்கள். பிரித்தாகிவிட்டதென்றால் உடனே உபயோகத்தை நிறுத்தி, உள்ளது உள்ளபடி படம் பிடித்து வையுங்கள். ரத்து செய்பவர் தாம் பெற்றதைத் திருப்பித் தர வேண்டும் என்பது ஒப்பந்தச் சட்டத்தின் 65-ஆம் பிரிவு. ஆகவே போனைத் திருப்பித் தரத் தயார் என்று கடிதத்திலேயே சொல்லுங்கள். கொடுக்கும்போது ரசீது வாங்குங்கள். வந்து கேட்டார் என்பதற்காக யாரோ ஒருவரிடம் தூக்கிக் கொடுத்துவிட வேண்டாம்.

கோபத்தில் பில்லே கட்டாமல் விட்டுவிடுவதும் ஆபத்து. நிலுவைக்காரர் என்று பெயர் ஏறினால் நாளை மோட்டார் சைக்கிள் கடன் கேட்கும்போது அது எழுந்து நிற்கும். உண்மையிலேயே பேசிய பேச்சுக்கு உரிய தொகையைக் கட்டி, மிச்சத்துக்குத் தகராறு இருக்கிறது என்று எழுத்தில் தெரிவிப்பதே முறை. வங்கிக் கணக்கிலிருந்து கம்பெனி தானே பணம் எடுத்துக்கொள்ள அனுமதி கொடுத்திருந்தால், வங்கிக்குச் சென்று அதை நிறுத்துங்கள்.

கம்பெனி மறுத்தால், அல்லது வாயே திறக்காவிட்டால், இரண்டு கதவுகள் உண்டு. ஒன்று, மலேசியத் தொடர்பு பல்லூடக ஆணையம். 1998-ஆம் ஆண்டுத் தொடர்பு பல்லூடகச் சட்டத்தின் 188-ஆம் பிரிவு, சேவை தருவோர் பயனீட்டாளரிடம் நியாயமாக நடந்துகொள்ள வேண்டும், புகார்களைத் தக்கபடி கவனிக்க வேண்டும் என்கிறது. கம்பெனிக்கு எழுதிய கடிதப் பிரதியில்லாமல் அங்கே போக வேண்டாம். முதலில் கம்பெனியிடம் கேட்டீர்களா என்பதே முதல் கேள்வியாக இருக்கும். மற்றொன்று, மலாயில் திரிபியூனல் துந்துத்தான் பெங்குனா எனப்படும் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம். கட்டணம் 5 வெள்ளி. கோரிக்கை 50,000 வெள்ளி வரை இருக்கலாம். மூன்று ஆண்டுகளுக்குள் போக வேண்டும். வழக்கறிஞர் வைத்துக்கொள்ள இரு தரப்புக்கும் அனுமதியில்லை. நீதிமன்றம் என்றாலே கறுப்பு அங்கியையும் ஆங்கிலத்தையும் நினைத்து நடுங்கும் நம் மக்களுக்கு இது பெரிய வசதி. மன்றத்தின் தீர்ப்பை 14 நாட்களுக்குள் நிறைவேற்றாத கம்பெனி குற்றவாளியாகும். ஆனால் கதையைத் தொழிலாளியே தம் வாயால் சொல்ல வேண்டும். போகுமுன் கிளையில் இரண்டு முறை சொல்லிப் பழகட்டும்.

அழைத்தவர் உண்மையில் கம்பெனியின் ஆளே அல்ல, பணத்தைச் சுருட்ட வந்த திருடர் என்று தெரிந்தால் அது வேறு விவகாரம். வங்கிப் பணம் போயிருந்தால் கடிதம் எழுதிக்கொண்டிருக்காமல் உடனே 997 எண்ணுக்கு அழையுங்கள். போலீசிலும் புகார் செய்யுங்கள்.

நாம் முன்னே சொன்ன தாயின் வழக்கில், கம்பெனி முதலில் முடியாது என்றது. மூன்று வாரம் கழித்துத் தண்டத்தில் பாதியைத் தள்ளுபடி செய்வதாகக் கூறிற்று. பாதிப் பொய்க்குப் பாதித் தண்டமா என்று கிளையினர் மறுத்துவிட்டனர். ஆணையத்துக்குப் புகார் போன பிறகு ரத்துக் கடிதம் வந்து சேர்ந்தது. முழு உரையாடல் பதிவைக் கேட்டதற்கு மட்டும் கடைசி வரை பதில் இல்லை.

தொலைபேசியில் அப்படிப் பேசியவர் மீது நமக்குக் கோபம் வரலாம். அவரும் ஒரு தொழிலாளிதான். நாளைக்கு இத்தனை பேரைப் பிடித்தாக வேண்டும் என்று கணக்கு, பிடித்தால்தான் கமிஷன். நமக்கு எடைக் கணக்கு எப்படியோ அவருக்கு அது அப்படி. ஆகவே, "எங்கள் ஏஜெண்டு தவறாகப் பேசிவிட்டார், அவரை நீக்கிவிட்டோம்" என்று கம்பெனி சொன்னால் அதோடு நாம் திருப்தியடையக் கூடாது. அந்தக் கணக்கை அவர் தலையில் வைத்தவர் யார்? அவர் பிடித்துக் கொடுத்த ஒப்பந்தத்தின் லாபத்தை வாங்கிக்கொண்டவர் யார்? பொறுப்பு அங்கேதான் இருக்கிறது.

நம் முன்னோர் நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பல் ஏறுமுன், படிக்கத் தெரியாத ஒப்பந்தத்தில் விரல் ரேகை வைத்தார்கள். கேட்ட வார்த்தை ஒன்று, கண்ட வாழ்வு வேறொன்று. அந்த ஒப்பந்தக் கூலி முறை மலாயாவில் 1910-இல் ஒழிந்தது. அதன் கொடுமையோடு ஒரு போன் பில்லை ஒப்பிடுவது மிகைதான். எனினும் வழிமுறையைப் பாருங்கள். எழுத்தில் ஒன்று இருக்க, வாயில் வேறொன்று சொல்லி, புரியாத மொழியில் சம்மதம் வாங்கும் அதே வழிமுறை. அன்றைக்கு விரல் ரேகையாவது வேண்டியிருந்தது.

துரைமார் தேசமாகிய பிரிட்டனில், 2014 ஜூன் முதல் தொலைபேசி வழியே செய்த ஒப்பந்தத்தைக் காரணம் சொல்லாமலே 14 நாட்களுக்குள் ரத்து செய்யலாம். அந்த உரிமை உண்டென்று வாடிக்கையாளருக்குச் சொல்லத் தவறினால் கெடு 12 மாதம் வரை நீளும். அங்கே கம்பெனிகள் இதனால் மூடிப் போய்விடவில்லை. இங்கே நாம் கேட்பதும் பெரிதல்ல. தொலைபேசியில் பேசிய எந்த ஒப்பந்தமும், வாடிக்கையாளர் அதைத் தமக்குத் தெரிந்த மொழியில் எழுத்தில் பார்த்து, மறுபடி சரியென்று எழுத்தில் ஒப்புக்கொள்ளும் வரை செல்லக்கூடாது. மறுயோசனை செய்ய ஒரு கெடு தொலைபேசிச் சேவைக்கென்றே பெயர் சொல்லிச் சட்டத்தில் எழுதப்பட வேண்டும். உரையாடல் பதிவு இல்லையென்றால் ஒப்பந்தமும் இல்லை என்று ஆணையம் விதி செய்ய வேண்டும்.

கிளைச் செயலாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். மாதந்தோறும் பில் வரும் வாரத்தில் ஒரு மாலை நேரம் காரியாலயத்தைத் திறந்து வையுங்கள். இப்போதெல்லாம் பில் காகிதத்தில் வருவதில்லை; போனுக்குள்ளேயே வந்து போனுக்குள்ளேயே கிடக்கிறது. படிக்கத் தெரிந்த ஒருவர் திறந்து பார்த்தால்தான் அது வெளிச்சத்துக்கு வரும். நம்மோடு மரம் வெட்டும் இந்தோனேசிய, வங்காளதேசத் தோழர்களையும் அழையுங்கள். அவர்களுக்கும் இதே குரல் வேறு மொழியில் பேசிக்கொண்டிருக்கிறது. கேட்க ஆள் இல்லாத நிலையில் அவர்கள் நம்மைவிட மோசமாக இருக்கின்றனர். எழுதும் ஒவ்வொரு ரத்துக் கடிதத்திலும் ஒரு பிரதியை எமக்கு அனுப்புங்கள். பெயரையும் அடையாள அட்டை எண்ணையும் மறைத்துவிட்டு அனுப்பினால் போதும். எந்தக் கம்பெனியின் பெயரால், எந்த வாசகத்தைச் சொல்லி, எத்தனை தோட்டங்களில் இது நடந்திருக்கிறது என்று தொகுத்து, கட்டாக ஆணையத்தின் மேசையில் வைக்க எண்ணியிருக்கிறோம். முதல் கட்டுக்கு வரும் மாதக் கடைசி வரை காத்திருப்போம்.